மே மாதச் சென்னையில் ஒரு வார அறிவியல் இன்டர்ன்ஷிப்: பகலில் லேப், மாலையில் ஊர்

ஒவ்வொரு மே மாதமும் எங்கள் லேபுக்கு மூன்று நான்கு பிள்ளைகள் வருவார்கள். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு முடித்தவர்கள். கையில் கல்லூரிக் கடிதம், தோளில் புதுப் பை, முகத்தில் "ஐந்து நாளில் என்னத்தைக் கற்றுக்கொள்ளப் போகிறோம்" என்ற சந்தேகம். வீட்டில் வேறு, "போறதுதான் போறே, அப்படியே மெட்ராஸையும் சுத்திப் பாத்துட்டு வா" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

ஒரு வாரத்தில் ஆராய்ச்சி செய்ய முடியாது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் மனம் லேசாகிவிடும். ஒரே ஒரு அளவை ஒழுங்காக அளக்கக் கற்றுக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதைப் பெரிய விஷயமாகவே நான் நினைக்கிறேன். சென்னையைச் சுற்றிப் பார்ப்பதும் இதற்கு இடைஞ்சல் இல்லை. நேரத்தையும் தூரத்தையும் வெயிலையும் பொறுமையாக அளந்தவர்களின் தடம் இந்த ஊரில் நிறைய இருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

முதல் படி: ஜனவரியில் கடிதம்

மே மாதத்துக்கு ஏப்ரலில் கேட்பவர்கள்தான் அதிகம். அதற்குள் இடம் போயிருக்கும். ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி தொடக்கத்தில் எழுதுங்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் கோடைக்கால ஃபெல்லோஷிப், மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் ஃபெல்லோஷிப் போன்றவை ஏறக்குறைய இரண்டு மாதம் நடப்பவை. அவற்றுக்குத் தனி விண்ணப்பமும் போட்டியும் உண்டு. அகாடமி ஃபெல்லோஷிப்புக்கு முந்தைய ஆண்டு கடைசியிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். நான் இங்கே சொல்வது அதையல்ல. கல்லூரிப் பாடத்திட்டத்தில் விடுமுறை இன்டர்ன்ஷிப் என்று கேட்கிறார்களே, அந்த ஒரு வாரத்துக்கு ஒரு பேராசிரியருக்கோ விஞ்ஞானிக்கோ நேரடியாக எழுதி அனுமதி வாங்குவது. சில நிறுவனங்கள் இத்தனை நாளுக்குக் குறைந்து எடுப்பதில்லை என்று விதி வைத்திருக்கும். எழுதும் முன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். ஆனால் அதில் இருக்க வேண்டியவை நான்கே விஷயங்கள்: நீங்கள் யார், அவருடைய வேலையில் எது உங்களை இழுத்தது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, உங்களுக்கு ஏற்கெனவே என்ன செய்யத் தெரியும். இரண்டாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "உங்கள் மகத்தான ஆராய்ச்சியால் ஈர்க்கப்பட்டேன்" என்று எழுதினால் அதே கடிதம் நாற்பது பேருக்குப் போயிருக்கிறது என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக, "தோல் பதனிடும் கழிவுநீரில் குரோமியத்தை அளப்பது பற்றி உங்கள் பக்கத்தில் படித்தேன். எங்கள் கல்லூரியில் டைட்ரேஷன் மட்டும்தான் செய்திருக்கிறோம், ஸ்பெக்ட்ரோமீட்டரைத் தொட்டதில்லை" என்று இரண்டு வரி எழுதுங்கள். தெரியாததைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று பயப்பட வேண்டாம். எங்களுக்கு அதுதான் உதவும். உங்களை எங்கே உட்கார வைப்பது என்று முடிவு செய்யலாம்.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல் போடுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். ஒரே துறையில் ஐந்து பேருக்கு ஒரே நாளில் அனுப்பாதீர்கள். மதியம் அவர்கள் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள்.

ஓர் எச்சரிக்கை. பணம் கட்டினால் ஐந்து நாளில் சர்டிஃபிகேட் என்று விளம்பரம் செய்யும் தனியார் பயிற்சி இடங்கள் இருக்கின்றன. எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் தங்கை அப்படி ஓர் இடத்தில் சேர்ந்து, ஐந்து நாளும் ஸ்லைடு பார்த்துவிட்டுத் திரும்பினாள். கடைசி நாள் எல்லோரும் ஒரே லேப் கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்களாம். பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "நான் கையால் என்ன செய்வேன்?" தெளிவான பதில் வராத இடத்துக்குப் போக வேண்டாம்.

இரண்டாம் படி: தாள்களும் தங்குமிடமும்

கல்லூரியிலிருந்து போனஃபைடு, துறைத் தலைவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் நான்கு. எல்லாவற்றிலும் மூன்று நகல் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆராய்ச்சி நிறுவனங்களின் வாசலில் செக்யூரிட்டி உங்கள் பேரைப் பட்டியலில் தேடுவார், பேர் இருக்காது, உள்ளே போன் அடிப்பார், யாரும் எடுக்க மாட்டார்கள். திங்கட்கிழமை காலை இது கட்டாயம் நடக்கும். கைடு, அதாவது உங்களைச் சேர்த்துக்கொண்ட பேராசிரியரோ விஞ்ஞானியோ, அனுப்பிய அனுமதி மின்னஞ்சலை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தால் பாதி நேரம் மிச்சம்.

ஒரு வாரத்துக்கு வருகிறவர்களுக்கு உள்ளே விடுதி கிடைப்பது அரிது. சித்தி வீடு, பெரியப்பா வீடு இருந்தால் அதுவே நல்லது. ஆனால் அது லேபிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அம்பத்தூரில் இருக்கும் மாமா வீட்டிலிருந்து தினமும் தரமணிக்கு வந்து போனால் மாலையில் ஊர் பார்க்க உடம்பில் தெம்பு இருக்காது. அதற்கு வேளச்சேரி, திருவான்மியூர் பக்கம் நாள் வாடகைக்குக் கிடைக்கும் விடுதி மேல்.

தெற்கே இருந்து பேருந்தில் வருகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்குவீர்கள். 2023 கடைசியில் திறந்த நிலையம் அது. ஊருக்குள் வருவதற்கு அங்கிருந்து இன்னொரு பயணம் பாக்கி இருக்கிறது என்பதை மறந்துவிட்டு, திங்கள் காலை ஆறு மணிக்கு இறங்கி ஒன்பதரைக்கு லேபுக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமையே வந்து சேருங்கள்.

அடையாறு, தரமணி பக்கம் லேப் என்றால் பறக்கும் ரயில்தான் உங்கள் தோழன். வேளச்சேரியிலிருந்து தரமணி, திருவான்மியூர், கோட்டூர்புரம், திருமயிலை, கலங்கரை விளக்கம், சேப்பாக்கம் என்று நேராகக் கடற்கரை நிலையம் வரை போகும். டிக்கெட் மலிவு. கிண்டி, எழும்பூர், பரங்கிமலைக்கு மின்சார ரயிலோ மெட்ரோவோ. மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டி என்றால் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆட்டோவில் ஏறும் முன் எவ்வளவு என்று கேட்டுவிட்டு ஏறுங்கள், செயலியில் பார்த்த தொகையை மனதில் வைத்துக்கொண்டு.

மூன்றாம் படி: வெயிலை வைத்து அட்டவணை

மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கும். உங்கள் வாரம் பெரும்பாலும் அதற்குள்தான் விழும். இதில் கொஞ்சம் இயற்பியல் தெரிந்திருந்தால் உபயோகம்.

செய்தியில் சென்னைக்கு இரண்டு வெப்பநிலை சொல்வார்கள், நுங்கம்பாக்கம் ஒன்று, மீனம்பாக்கம் ஒன்று. மீனம்பாக்கம் கடலிலிருந்து தள்ளி இருப்பதால் கோடையில் பெரும்பாலும் அங்கே சூடு ஒரு படி அதிகம். பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகும், நிலத்தின் மேலுள்ள காற்று எழும், அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். இந்தக் கடற்காற்று நண்பகலை ஒட்டி வந்துவிட்டால் அன்று தப்பித்தோம். மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று பலமாக இருந்து கடற்காற்றைத் தடுத்து நிறுத்தினால், அன்றைக்குத்தான் நாற்பது டிகிரியைத் தாண்டும். லேப் ஜன்னல் வழியாக ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கிளை ஆடும் திசை மாறும் நேரத்தை ஐந்து நாளும் நோட்டில் குறித்தால் உங்களிடம் ஒரு சின்ன ஆய்வுத் தரவு சேர்ந்துவிடும். போன வருடம் வந்த ஒரு பையன் செய்தான். அவன் கைடு கொடுத்த வேலையைவிட அது எங்களுக்குப் பிடித்திருந்தது.

இதிலிருந்து வரும் விதி எளிது. பதினொன்று முதல் நான்கு வரை கூரைக்கு அடியில், மற்ற நேரம் வெளியே. தண்ணீர் பாட்டில், குடை, ஓ.ஆர்.எஸ். இரண்டு பொட்டலம். நுங்கு கிடைக்கும் காலம், வழியில் பார்த்தால் விட வேண்டாம்.

உடை பற்றியும் சொல்லிவிடுகிறேன். லேபுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு வரக் கூடாது, வெயில் எவ்வளவு அடித்தாலும். கால் மூடிய ஷூ, கணுக்கால் வரை பருத்தி உடை, நீள முடியென்றால் கட்டி வைக்க வேண்டும். துப்பட்டா பர்னர் பக்கமும் சுழலும் இயந்திரங்கள் பக்கமும் போகவே கூடாது. லேப் கோட் நீங்களே கொண்டுவருவது நல்லது.

நான்காம் படி: லேபில் ஐந்து நாள்

திங்கட்கிழமை பாதிநாள் வாசலிலும் கையெழுத்திலும் போய்விடும். மீதி நேரத்தில் பாதுகாப்பு விதிகள்: தீயணைப்பான் எங்கே, கண் கழுவும் குழாய் எங்கே, எந்தக் கழிவு எந்தப் பாட்டிலில். கையுறை போட்ட கையால் கதவுப் பிடியையும் போனையும் தொடாதீர்கள். பார்ப்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் இதில் தவறுகிறவரை, பி.எச்டி. செய்யும் ஸ்காலர்கள் மனதில் குறித்துக்கொள்வார்கள்.

யாரை எப்படிக் கூப்பிடுவது என்ற தயக்கம் எல்லோருக்கும் வரும். கைடு சார் அல்லது மேடம். பி.எச்டி. செய்கிறவர்கள் அக்கா, அண்ணா. உங்களுக்கு உண்மையில் கற்றுத்தரப் போகிறவர்கள் இந்த அக்காவும் அண்ணனும்தான். கைடை வாரத்தில் இரண்டு முறை பார்த்தால் அதிகம்.

செவ்வாய்க்கிழமை கையில் பிப்பெட்டைக் கொடுப்பார்கள், கொஞ்சம் திரவத்தைத் துல்லியமாக அளந்து எடுக்கும் கருவி அது. இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

மைக்ரோபிப்பெட்டின் பொத்தானில் இரண்டு நிலைகள். விரலால் அழுத்தினால் ஓரிடத்தில் தட்டுப்படும், அது முதல் நிலை. இன்னும் அழுத்தினால் கொஞ்சம் கனத்து மறுபடி இறங்கும், அது இரண்டாவது. உறிஞ்சுவதற்கு முதல் நிலை வரை அழுத்தி, டிப்பின் (முனையில் மாட்டும் பிளாஸ்டிக் குழாய்) நுனியைத் திரவத்தில் சில மில்லிமீட்டர் மட்டும் அமிழ்த்தி, பொத்தானை மெதுவாக விட வேண்டும். வெளியேற்றும்போது முதல் நிலை, ஒரு விநாடி நிறுத்தம், பிறகு இரண்டாம் நிலை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இரண்டாம் நிலை வரை அழுத்தி உறிஞ்சிவிட்டு, அளவு ஏன் கூடுகிறது என்று முழிப்பார்கள். இன்னும் சிலர் பொத்தானைப் படக்கென்று விட்டுவிடுவார்கள். காற்றுக் குமிழி ஏறி அளவு குறையும்.

இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. தராசில் ஒரு சின்னக் குடுவையை வைத்துச் சுழியாக்கி, 1000 மைக்ரோலிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீரை விடுங்கள். 25 டிகிரியில் அது 0.997 கிராம் இருக்க வேண்டும். பத்து முறை செய்யுங்கள், பத்து எண்களையும் கூடவே அறை வெப்பநிலையையும் எழுதுங்கள். இரண்டு வருடம் முன் வந்த ஒரு பெண்ணுக்கு முதல் சுற்றில் 0.96, 1.02, 0.94 என்று ஆடியது. முகம் வாடிவிட்டது. மறுநாள் காலை வந்ததும் அவளே மறுபடி செய்தாள், பத்தும் 0.99-ஐ ஒட்டி வந்தன. அந்த இரண்டு பட்டியலையும் கடைசி நாள் ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டினாள். எங்கள் சார் இரண்டு நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது பெரிய பாராட்டு.

புதன், வியாழன் இரண்டு நாளும் உங்களுக்கென்று ஒரு சின்ன வேலை கேட்டு வாங்குங்கள். ஓர் அளவுத்திருத்தக் கோடு போடுவது மிகப் பொருத்தம். செறிவு தெரிந்த ஐந்து கரைசல்கள் தயாரித்து, ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒவ்வொன்றும் எவ்வளவு ஒளியை உட்கவர்கிறது என்று பார்த்து, நேர்கோடு வருகிறதா என்று சோதிப்பது. பிப்பெட் பிழை, தராசுப் பிழை, குவெட் (கரைசலை ஊற்றி ஒளிப்பாதையில் வைக்கும் சின்னப் பாத்திரம்) அழுக்கு எல்லாம் இந்த ஒரு கோட்டில் வெளிவந்துவிடும்.

குவெட் என்றதும் என் கதை ஒன்று. நான் இன்டர்னாக இருந்தபோது டி.என்.ஏ. மாதிரி ஒன்றை 260 நானோமீட்டரில் அளக்கச் சொன்னார்கள். கைக்கு எட்டிய பிளாஸ்டிக் குவெட்டை எடுத்தேன். எண் கன்னாபின்னாவென்று வந்தது. மாதிரிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று முறை புதிதாகத் தயாரித்தேன், மதியம் முழுக்கப் போனது. சாதாரண பிளாஸ்டிக் அந்தப் புற ஊதாக் கதிரைத் தானே விழுங்கிவிடும், குவார்ட்ஸ் வேண்டும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் ஒரு குவார்ட்ஸ் குவெட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதைப் பிடிப்பதிலும் ஒரு முறை உண்டு. மங்கலான இரண்டு பக்கங்களைத்தான் விரல் தொட வேண்டும், தெளிவான பக்கங்கள் ஒளிக்கு.

தவறாக எழுதியதை நோட்டில் கிறுக்கி மறைக்காதீர்கள். ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ஏன் என்று எழுதுங்கள். வைட்னர் லேப் நோட்டுக்கு விரோதி. துண்டுத் தாளில் எழுதி அப்புறம் நோட்டில் ஏற்றலாம் என்பதும் வேண்டாம், அந்தத் தாள் ஏ.சி. காற்றில் பறந்துவிடும்.

வெறுமனே உட்கார்ந்திருக்கும் நேரமும் வரும். சென்ட்ரிஃபியூஜ் அரை மணி நேரம் ஓடும், ஸ்காலருக்கு மீட்டிங் இருக்கும். அப்போது போனை எடுக்காமல், "அக்கா, கழுவ வேண்டிய கண்ணாடிப் பாத்திரம் இருக்கா?" என்று கேளுங்கள். சிங்க் பக்கத்தில் நின்று பேசும்போதுதான் ஆராய்ச்சி வாழ்க்கையின் நிஜக் கதைகள் வெளியே வரும்.

வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் பேசச் சொல்வார்கள். ஐந்து ஸ்லைடு போதும். என்ன அளந்தேன், எப்படி, எங்கே தவறியது, கடைசியில் என்ன எண், அதை எவ்வளவு நம்பலாம். அறிமுகம் என்று கல்லூரி வரலாறு சொல்ல வேண்டாம்.

ஐந்தாம் படி: மாலைகளும் சனிக்கிழமையும்

திங்கள் மாலை எங்கும் போகாதீர்கள். சாப்பிட்டுத் தூங்குங்கள்.

செவ்வாய் மாலை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறந்தது, பெரிய கட்டடம், குளிர்ச்சி. மறுநாள் வேலைக்கான பின்னணியை அங்கே உட்கார்ந்து படித்துவிடலாம். கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் பாம்புப் பண்ணைக்கும் செவ்வாய் விடுமுறை என்பதால் அந்தப் பக்கம் திட்டம் போட வேண்டாம்.

புதன் மாலை மெரினா. பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்தில் இறங்கி நடந்தால், கடலுக்கு முதுகைக் காட்டி ஒரு நிமிடம் நில்லுங்கள். எதிரே மணிக்கூண்டோடு தெரிவது மாநிலக் கல்லூரி. சர் சி.வி. ராமன் அங்கே மாணவராக இருந்தபோதே, 1906-ல், தன் முதல் ஆய்வுக் கட்டுரையை லண்டன் இதழ் ஒன்றில் வெளியிட்டார். அப்போது வயது 18. அவர் அண்ணன் மகன், வானியற்பியலாளர் சந்திரசேகரும் அதே கல்லூரிதான். 1930-ல் படிப்பு முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில், வெண் குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரம்) ஒன்று எவ்வளவு நிறை வரை தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனார். ராமனுக்குக் கடலின் நீலம் ஏன் என்ற கேள்வி வலுத்ததும் 1921-ல் ஒரு கப்பல் பயணத்தில்தான். இதைத் தெரிந்துகொண்டு சுண்டல் சாப்பிட்டால் கடல் கொஞ்சம் வேறு மாதிரி தெரியும். கலங்கரை விளக்கத்தில் மேலே ஏற விரும்பினால் திங்கள் விடுமுறை, மாலையில் சீக்கிரமே மூடிவிடுவார்கள். லேப் முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு அது கைகூடாது.

வியாழன் மாலை பரங்கிமலை. என்னைக் கேட்டால் இந்த வாரத்தின் உச்சம் இதுதான். நூற்றுச் சொச்சம் படிகள், மேலே 1523-ல் போர்ச்சுகீசியர் கட்டிய மாதா கோயில், கீழே விமான நிலைய ஓடுதளம். படியேறி வருகிறவர்கள் பெரும்பாலும் கோயிலையும் விமானத்தையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். அங்கே வில்லியம் லாம்டன் என்பவரின் மார்பளவுச் சிலை இருக்கிறது. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி அவர் இந்த மலையடிவாரத்தில் தொடங்கி ஏறக்குறைய ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார். கையில் 100 அடி எஃகுச் சங்கிலி. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 400 முறை அதை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். அதுவும் சித்திரை வெயிலில். சூட்டில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப் பெட்டிகளுக்குள் கிடத்தி, கூடவே வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் டிகிரியைக் குறித்துத் திருத்தினார்கள். செவ்வாய்க்கிழமை தண்ணீரின் எடையைப் பார்க்கும்போது அறை வெப்பநிலையை ஏன் எழுதச் சொன்னோம் என்று அப்போது புரியும். அந்த அடிக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே விரிந்த அளவைதான் பின்னாளில் இமயம் வரை போய், 1856-ல் எவரெஸ்ட்டுக்கு 29,002 அடி என்று உயரம் சொன்னது.

இதற்கு இணையான இன்னொன்று நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இருக்கிறது. 1792-ல் கட்டிய மதராஸ் வானாய்வுக் கூடத்தின் கருங்கல் தூண். தொலைநோக்குக் கருவியை அசையாமல் தாங்க நட்டது. அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. இந்தியத் திட்ட நேரம் 1906-ல் வரும் முன்பு ரயில்கள் ஓடிய மதராஸ் நேரம், கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தி, இந்தக் கூடத்தின் கணக்குதான். இப்போதைய கடிகாரத்துக்கு அது ஏறக்குறைய 9 நிமிடம் பின்னால். 1861-ல் இங்கிருந்துதான் ஆசியா என்ற குறுங்கோள் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே உதவியாளராக வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒரு நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டறிந்தார். ஆனால் அது அலுவலக வளாகம், சுற்றுலாத் தலம் அல்ல. பார்க்க வேண்டுமென்றால் கல்லூரிக் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதி அனுமதி கேளுங்கள். கிடைத்தால் வேலைநாளில் ஒரு மணி நேரம் கைடிடம் கேட்டுப் போய் வாருங்கள். கிடைக்கவில்லையென்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை. அந்தக் கூடத்தைத் திட்டமிட்ட மைக்கேல் டாப்பிங்கின் யோசனையில் 1794-ல் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி. அதன் வாசலைத் தினமும் கடந்துதான் போவீர்கள்.

வெள்ளி மாலை பேச்சு முடிந்த களைப்பில் பெசன்ட் நகர் கடற்கரையில் சும்மா உட்காருங்கள். லேபில் எல்லோரையும் கூப்பிடுங்கள், இரண்டு பேராவது வருவார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை, அந்தப் பக்கம் போய் ஏமாறாதீர்கள்.

சனிக்கிழமை முழுநாள் உங்களுடையது. காலை கதவு திறக்கும்போதே கிண்டி பாம்புப் பண்ணை. 1972-ல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் அடுத்தடுத்துப் பார்த்து வேறுபாட்டை வரைந்துகொள்ளுங்கள், போட்டோ வேண்டாம். வரையும்போதுதான் செதில் கண்ணில் படும். வெயில் ஏறியதும் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம். தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்று கேட்டு அதற்கு உட்காருங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது. ஒரே மதியத்தில் எல்லாக் கட்டடத்தையும் முடிக்க முடியாது. திமிங்கல எலும்புக்கூடும் வெண்கலச் சிலைகளும் பார்த்தால் போதும் என்பேன். வெண்கலச் சிலைகள் அறிவியலா என்று கேட்டால், மெழுகில் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றியவர்களிடம் அதைக் கேளுங்கள்.

ஞாயிறு காலையும் கையில் இருந்தால் ஈ.சி.ஆர். சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை. 1976-ல் தொடங்கியது, திங்கள் விடுமுறை. தூரம் அதிகம் என்பதால் ஞாயிறு இரவு வண்டி பிடிப்பவர்கள் மட்டும் போங்கள். ஒன்றை விட்டுவிட வேண்டும் என்றால் இதை விடலாம்.

ஆறாம் படி: கிளம்பும் முன்

சர்டிஃபிகேட்டில் இனிஷியல், பதிவெண், தேதி மூன்றையும் அங்கேயே சரிபாருங்கள். ஊருக்குப் போய்ப் பார்த்து, "மேடம், அப்பா பேர் தப்பா இருக்கு" என்று போன் செய்பவர்கள் வருடத்துக்கு ஒருவராவது உண்டு. நீங்கள் செய்த கரைசல் பாட்டில்களில் பேரும் தேதியும் எழுதி, வைப்பதா கொட்டுவதா என்று ஸ்காலரிடம் கேட்டு முடித்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் பேரில்லாத பாட்டில் ஒன்றை விட்டுப் போனால் அடுத்த மே வரை உங்களைத் திட்டிக்கொண்டிருப்போம். லேபின் தரவை கேட்காமல் பென்டிரைவில் எடுக்க வேண்டாம், இன்ஸ்டாவில் போடவும் வேண்டாம்.

நன்றி மின்னஞ்சலை ஊர் போய்ச் சேர்ந்த மறுநாளே அனுப்புங்கள். கைடுக்கு ஒன்று, சொல்லிக்கொடுத்த அக்காவுக்கோ அண்ணனுக்கோ தனியாக ஒன்று. இரண்டாவதை யாரும் அனுப்புவதில்லை.

ஞாயிறு மாலை கிளாம்பாக்கத்தில் தெற்கே போகும் வண்டிகளுக்குக் கூட்டம் நெரியும். முன்பதிவு செய்திருந்தாலும் ஒன்றரை மணி நேரம் முன்னால் ஊருக்குள்ளிருந்து கிளம்பிவிடுங்கள். பெரிய பை டிக்கியில் போகட்டும், லேப் நோட்டை மட்டும் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.